எரிந்ததாக எழுதப்பட்ட படம்

எங்கள் குடும்பத்தில் அரசாங்கத்தை எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர்தான். அவர் கொடி பிடித்ததில்லை, ஊர்வலம் போனதில்லை. தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். என் அத்தை, அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு எங்களோடு இருந்தார்.

ஜீப்பில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுவது அந்த அலுவலகத்தின் வேலை. குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, உரம் போடும் முறை என்று எல்லாவற்றுக்கும் ஒரு படம் இருந்தது. ஆபரேட்டர் லீவு போட்டால் புரொஜெக்டரை ஓட்டுவதும் அத்தைதான். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அங்கே டிவியும் வீடியோ டெக்கும் வந்து இறங்கின. அறை நிறையக் கிடந்த பழைய படச்சுருள்களை எரித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவும் கூடவே வந்தது.

அதிகாரி எதையும் முன்கூட்டியே முடித்துவிடுகிற மனிதர். ‘அனைத்துச் சுருள்களும் என் முன்னிலையில் எரிக்கப்பட்டன’ என்று காலையிலேயே அத்தையை டைப் அடிக்கச் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டு, சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். எரிக்கிற வேலை அத்தைக்கும் பியூனுக்கும் விழுந்தது. சாயங்காலம் அத்தை வீடு திரும்பியபோது புடவையெல்லாம் கருகல் நாற்றம். காய்கறிப் பையில் கத்தரிக்காய்க்குக் கீழே மூன்று தகர டப்பாக்கள் இருந்தன.

“என்னக்கா இது?” என்றார் அப்பா.

“இண்டூர்ப் பக்கத்துப் பொம்பளைங்க பாட்டுடா.”

அந்த அலுவலகத்தில் முன்பொரு காலத்தில் பாட்டுப் பைத்தியம் பிடித்த ஓர் அதிகாரி இருந்திருக்கிறார். இண்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் களையெடுக்கும் பெண்கள் பாடுவதைக் கேட்டு மயங்கி, கேமராவோடு நாலு நாள் அங்கேயே தங்கிப் படமெடுத்திருக்கிறார். வேறு பிரதி கிடையாது. பாடியவர்கள் யாரும் அதைப் பார்த்ததும் கிடையாது.

“வேலைக்கே வேட்டு வெச்சுக்குவ போலிருக்குதே” என்று அப்பா தலையில் கைவைத்தார். அத்தை டப்பாக்களைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏலத்துக்காக ஒதுக்கிவைத்திருந்த புரொஜெக்டரோடு அந்த ஊருக்குப் போனார். படம் என்ற சொல்லைக் கேட்டு நானும் தொற்றிக்கொண்டேன். பள்ளிக்கூட ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். நான் ஒரு சண்டைக் காட்சியையாவது எதிர்பார்த்தேன். திரையில் வந்ததோ, வரிசையாகக் குனிந்து களை பிடுங்கும் பெண்கள். நடுவில் ஒல்லியான ஒருத்தி நிமிர்ந்து, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

“எங்காத்தா!” என்று பின்னாலிருந்து அலறல் கேட்டது. “எங்காத்தா பாடுது!”

அலறியவருக்குத் திரையில் இருந்தவளைவிட வயது அதிகம். தாய் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. திரையில் தாய் ஓர் அடி பாடி நிறுத்த, இங்கே மகள் பின்பாட்டை எடுத்தார். பிறகு அந்த அறையே எடுத்தது. புரொஜெக்டரின் கடகடப்பைத் தாண்டிக்கொண்டு உயிரோடிருந்தவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து பாடினார்கள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். மூன்றாம் முறை ஓடும்போது, சண்டை வராது என்று தெளிந்து, நான் தூங்கிப்போனேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரமே ஐந்து பெண்கள் ஒரு பை நிலக்கடலையோடு பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்து, நேரே அதிகாரியின் மேஜை முன்னால் நின்றார்கள்.

“அந்தப் பாட்டுப் படத்த இன்னொருக்கா போடுங்க சாமி. அன்னைக்கு ஊர்ல இல்லாதவங்க எல்லாம் சண்டைக்கு வராங்க.”

“எந்தப் படம்?” என்றார் அதிகாரி.

அடுத்த ஞாயிறு காலை எங்கள் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அத்தை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆபீஸ் சாமான் எதுவும் இங்கே இல்லவே இல்லை என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, வட்டமா, தகரத்துல டப்பா ஏதாச்சும் வூட்ல இருக்குதா?”

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அத்தைதான்.

“இருக்குதுங்க சார். அத்தை கட்டிலுக்கு அடியில. மூணு.”

அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். டப்பாக்களைத் தானே இழுத்து எடுத்துவந்து அதிகாரியின் எதிரில் வைத்தார்.

“எடுத்துட்டுப் போங்க சார். ஆனா எழுதிக் குடுத்துட்டு எடுங்க. இன்ன படம், இன்னார் பாட்டு, எரிக்கறதுக்காக எடுத்துட்டுப் போறேன்னு.”

“எதுக்கும்மா எழுதணும்? ஆபீஸ் சொத்து இது.”

“ஆபீஸ் சொத்துதான் எல்லாம் எரிஞ்சு போச்சுங்களே. உங்க முன்னால எரிச்சதா நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எரிஞ்சது எப்படி சார் என் வூட்ல இருக்கும்?”

“அந்தக் கடுதாசிய மாத்திக்கலாம்.”

“மேல போயாச்சுங்க. நான்தான் தபால்ல சேர்த்தேன்.”

அவர் எழுந்துவிட்டார். “நாளைக்கே உன் வேலை போயிடும், தெரியுமா?”

“போவட்டும்” என்றார் அத்தை. அவர் குரல் உயரவில்லை. “செத்துப்போன அந்தம்மா குரலு இந்த டப்பாவுல மட்டுந்தான் சார் இருக்குது. அவங்க பேரன் பேத்தி வந்து கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க? நான் இருக்கற வரைக்கும் இது நெருப்புக்குப் போவாது.”

அம்மா கொண்டுவந்த காப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அதிகாரி டப்பாக்களைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், காப்பியைத் தொடாமல் ஜீப்பில் ஏறினார். உண்மை பேசியதற்காக அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

வேலை போகவில்லை. இரண்டு மாதத்தில் ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. அதன்பின் எங்கெங்கோ. போன ஊரிலெல்லாம் வாடகை அறையில் மாதம் ஒருமுறை டப்பாவைத் திறந்து, சுருள் கெட்டால் வரும் புளிப்பு வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து, சுருளைக் காற்றாட விட்டு மூடினாராம். ஓய்வு பெற்ற பிறகு சென்னையில் ஒரு திரைப்படக் காப்பகத்தில் ஒப்படைத்தார். அங்கே புதுப் பிரதி எடுத்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று அதைக் கைபேசியிலேயே பார்க்கிறார்கள். அதில் பாடுகிறவள் சிலருக்குக் கொள்ளுப்பாட்டி.

அத்தை ராமநாதபுரத்துக்குப் புறப்பட்ட அன்று நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. கடல் இருக்கிற ஊருக்கு அவரை மட்டும் அனுப்புகிறார்களே என்று. பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

“நீ நிசத்ததான் சொன்ன கண்ணு. பெரியவளானப்புறம் அத நெனச்சு வருத்தப்படக் கூடாது. சரியா?”

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பஸ் நகர்ந்தது. கூடவே ஓடி, “சங்கு மறந்துடாதீங்க அத்தை, பெருசா!” என்று கத்தினேன்.