அக்காவின் ஐந்து மணி

லண்டன் மோர்டனில் பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் செல்வரதிக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் ஓய்வு. அந்நேரம் ரொறன்ரோவில் தம்பி ரூபன் எழுந்திருப்பான். அதே கனடாவின் மறுகரையில், வன்கூவரில், அக்காவுக்கு இன்னும் விடிந்திருக்காது. மார்ச்சில் லண்டனுக்கு முன்பே கனடா கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி மாற்றும் சில வாரங்களில் மட்டும் அக்காவுக்கு ஆறு மணியாகிவிடும். அப்போது மூவரும் காணொளி அழைப்பில் சேர்ந்து கதைப்பார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை இங்கயும் மணிக்கூடு மாறுது. இனி அக்கா வரமாட்டா," என்றாள் செல்வரதி.

"ஏன்? ஐஞ்சு மணிக்கு எழும்புறன்," என்றாள் அக்கா. ரூபன் சிரித்தான்.

திங்கட்கிழமை சொன்னபடியே அக்கா வந்தாள், போர்வைக்குள் இருந்தபடி. "நீங்கள் கதையுங்கோ, நான் கேக்கிறன்." சற்றைக்கெல்லாம் குறட்டை கேட்டது. ரூபன் அழைப்பைத் துண்டிக்கப் போனான்.

"விடடா, படுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, செல்வரதி நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கினாள்.