எண்ணெய் படாத கை

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய முதியோர் விடுதியில் நான் வேலை பார்த்தேன். பெயருக்குத்தான் பொறுப்பாளர். காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுவதிலிருந்து எல்லாம் என் தலையில்தான். பதினாறு பேருக்கு நானும், பெருக்கித் துடைக்க வரும் அம்மாளும் மட்டுமே. அதனால் விடுதிக்கு ஒரு கறாரான விதி இருந்தது. தன் கையால் சாப்பிட முடியாதவர்களை வைத்துக்கொள்வதில்லை. சேர்க்கும்போதே சொந்தக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ஒரு நெசவாளப் பெரியவரை அவருடைய தம்பி மகன் முள்ளிப்பட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தான். பெரியவருக்கு மனைவி போய்ச் சேர்ந்து ஆறு மாதம். பிள்ளைகள் இல்லை. உடம்பு திடம்தான், ஞாபகம்தான் பிசகியிருந்தது. தினமும் தறியில் உட்காரப் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். "வீட்டுல தறி போவ மிச்சத்துல ஒரு பாய் விரிக்க எடமில்லீங்க. நீங்க அனுப்பிட்டா எனக்குப் போக்கே இல்ல," என்றான் அவன். பொய் சொல்கிற முகமில்லை.

வியாழக்கிழமை காலை எங்களுக்கு அடை. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, முறுகலாக எடுத்து, பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம் வைப்பேன். முதல் வியாழன் பெரியவர் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஆனால் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இதென்ன கொழுப்பு என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தறிக்குப் போவணும்மா. கையில எண்ணெய் இருந்தா பட்டுல கறை ஏறிக்கும்," என்றார்.

அவர் வீட்டில் அடை சுடும் நாளில் மனைவிதான் ஊட்டிவிடுவாராம். நாற்பது வருஷப் பழக்கம். மற்ற நாளெல்லாம் இட்லியோ சோறோ தானே பிசைந்து சாப்பிட்டுவிடுவார். அடைக்கு மட்டும்தான் இந்தக் கூத்து. ஸ்பூன் கொடுத்துப் பார்த்தேன். காம்பைத் தடவிப் பார்த்து, "இதுலயும் எண்ணெய்," என்று கீழே வைத்துவிட்டார். திட்டிக்கொண்டேதான் ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் அவசரமில்லாமல் மென்றார். முடிந்ததும், "பாவு பிணைச்சாச்சா?" என்று கேட்டார். தறியில் தீர்ந்த இழைகளோடு புது இழைகளை முடிந்தாயிற்றா, நெய்ய உட்காரலாமா என்று அர்த்தம். "ஆச்சுங்க, போங்க," என்றேன். திருப்தியாக எழுந்து, வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அப்படியே பல வியாழக்கிழமைகள். விடுதியை மேற்பார்க்கும் செயலாளர் காலையில் வரமாட்டார் என்பதால் துணிந்து ஊட்டினேன். அந்தக் கால் மணி நேரத்துக்காக நானும் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களின் நினைவு நாளன்று ஊர்க்காரர்கள் விடுதிக்கு உணவு கொடுப்பதுண்டு. என்ன பலகாரம் என்பதை அவர்களே சொல்வார்கள், வந்து பரிமாறவும் செய்வார்கள். ஒரு திங்கட்கிழமை ஒரு குடும்பம் அடை கேட்டது, செத்துப்போனவருக்கு அது பிடிக்குமென்று. என்னால் என்ன சொல்ல முடியும்? குடும்பத்தோடு செயலாளரும் வந்து நின்றார்.

பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னாம்மா, பெரியவரு சாப்பிடாம உக்காந்துகினு இருக்காரு? கை வரலியா?" என்றார் செயலாளர்.

"அவருக்கு அடை பிடிக்காதுங்க. இட்லி எடுத்தாறேன்," என்றேன் அவசரமாக.

"யாரு சொன்னா? அடைன்னா எனக்கு உசுரு," என்றார் பெரியவர். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தால் முள்ளிப்பட்டுக்கு ஆள் போகும். பாய் விரிக்க இடமில்லாத வீட்டுக்கு அவரை அனுப்பிவிடுவார்கள். என் கை வரவில்லை. "நீங்களே சாப்பிடுங்க பெரியவரே," என்றேன். அவருக்குப் புரியவில்லை. இன்னும் அகலமாக வாயைத் திறந்தார். "ஜல்தியா சாப்பிடுங்க, எல்லாரும் பாக்கறாங்க இல்ல," என்று அதட்டினேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டார். பிறகு வலது கையை எடுத்து அடையைப் பிய்த்துத் தின்றார். செயலாளர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு சீயக்காய் போட்டு அவர் கையை மூன்று தரம் கழுவிவிட்டேன். விரல்களை முகர்ந்து பார்த்து, "வாசனை போவலியேம்மா," என்றார். அன்று சாயங்காலம் வரை பெஞ்சில் இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தம்ளரைக்கூட வாங்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், சமையலறைக்குப் போனேன், திரும்பி வந்து நின்றேன்.

வியாழக்கிழமை வந்தது. செயலாளர் இல்லை, வெளியாள் யாருமில்லை. அடையை முறுகலாக எடுத்து, ஒரு துண்டு பிய்த்து அவர் வாயருகே கொண்டுபோனேன். என் கையை மெல்ல விலக்கினார். தானே சாப்பிட்டார். பாவு பிணைத்தாயிற்றா என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். அவர் எண்ணெய் விரல்களை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.