நண்டு வெட்டிய கரை

எங்கள் ஊர் ஓடைக்கரையை உடைத்தவன் நான்தான். அறுபது வருடங்களுக்கு மேலாக அந்தப் பழி ஒரு நண்டின் மேல் கிடக்கிறது.

மணமேல்குடிப் பக்கம் கடலோரத்தில் எங்கள் ஊர். பாதிப்பேர் வலைக்குப் போவார்கள், பாதிப்பேர் வயலுக்கு. இடையில் ஒரு ஓடை. மழைக்காலத்தில் கண்மாய்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும். பௌர்ணமியில் கடல் ஏறினால் அதே வழியாக உப்புத் தண்ணீர் வயலைத் தேடி வரும். அதனால் நாற்று விடுவதற்கு முன்பே வீட்டுக்கு ஒருவர் வந்து, ஓடையின் குறுக்கே பனைமட்டையும் களிமண்ணும் போட்டுக் கரை கட்டுவார்கள். கரைக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் வலை கட்டுவார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கடல் ஏறும்போது மடவை மீன்கள் கரையில் முட்டித் திரும்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு சாண் வழி விட்டால் போதும், இந்தப் பக்கம் வைத்த கூடையில் தானாக வந்து விழும் என்று நினைத்தேன். ஒரு பௌர்ணமி மாலை, அடுப்படியிலிருந்து பித்தளைக் கரண்டியை எடுத்துப்போய்த் தோண்டினேன். மீன் வரவில்லை, தண்ணீர் வந்தது. அடைக்க அடைக்க ஒரு சாண் ஒரு முழமானது. கரண்டி நழுவிச் சேற்றில் விழுந்தது. ஓடிவிட்டேன். அதன் காம்பில் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது.

காலையில் எங்கள் நாற்றங்காலில் கணுக்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர். ஊரே கரையில் நின்றது. கரண்டி யார் கண்ணிலாவது பட்டால் என் கதி என்ன என்பது மட்டுமே எனக்குக் கவலை.

"எவன்டா வெட்டுனது?" என்று பெரியப்பா கத்தினார்.

உடைப்பின் ஓரத்தில் நின்ற மாமா குனிந்து பார்த்தார். "யாரும் வெட்டலண்ணே. நண்டு வளை. சின்ன நண்டுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலிலேயே கிடக்கும் மனிதருக்கு நண்டு வளைகூடத் தெரியவில்லையே!

எல்லோரும் மண் சுமந்தார்கள். மாமா மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"என்னப்பா, வேடிக்கையா பாக்குற? அங்கிட்டுப் போயி ரெண்டு கூடை அள்ளிப் போடேன்" என்றார் பெரியப்பா.

"கால்ல முள்ளு குத்திருச்சுண்ணே."

"ஆமா, முள்ளு! வயக்காடு கருகுனா வலைக்காரனுக்கு என்ன வந்துச்சு? இந்த வருசம் இந்த ஓடையில ஒனக்கு வலை கெடையாது, போ!"

அப்பா தடுக்கவில்லை.

கரையை அடைத்து, கண்மாய் மடையைத் திறந்து, நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை வடித்தார்கள். மூன்றாம் நாள் நாற்று பச்சையாக நிமிர்ந்தது. அப்பா சிரித்தார். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசி இன்றும் நினைவிருக்கிறது. மாமா அந்த வருடம் முழுக்க, பிறர் படகில் ஏறக் கோட்டைப்பட்டினம் வரை நடந்தார்.

நான் படித்து விலங்கியல் ஆசிரியரானேன். வளை தோண்டும் நண்டு வாசலில் மண்ணுருண்டைகளைக் குவித்து வைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த உடைப்பில் ஓர் உருண்டைகூட இல்லை. அது மாமாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்த பிறகும் அவர் இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போய் அவர் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பா அப்பவே சொல்லிருச்சுண்ணே. எங்க வீட்டுல ஒங்களுக்குப் பேரே சின்ன நண்டுதான்."

எத்தனையோ வருடமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது.

கரண்டி கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் எல்லோரும் போனபின் தேடிப் போனேன். மாமா நின்ற இடத்தில் ஒரு காலடி மட்டும் சேற்றில் ஆழமாகப் பதிந்திருந்தது. அதற்குள் கைவிட்டேன், கரண்டி இருந்தது. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு, கழுவி, அம்மா தேடுவதற்குள் அடுப்படியில் வைத்தேன். அந்த ஒற்றைக் காலடி மட்டும் ஏன் அவ்வளவு ஆழம் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.