அக்கினிக்குக் காவல் நின்ற ஊர்

மகளைப் பார்க்கச் சூரிச் போயிருந்தபோது, கடையில் சீஸ் தட்டுக்கு முன்னால் நின்று ஒரு பொதியை மணந்துகொண்டிருந்தேன். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ஆக்கள் பாக்கினம்." பார்க்கட்டும். கையில் இருந்தது எங்கள் கிளாருஸ் ஊரின் பச்சைச் சீஸ். குட்டிக் கூம்பு மாதிரி இருக்கும், வெந்தயத்தின் இனத்து ஏதோ ஒரு இலை போட்டுச் செய்வார்கள். பழகாதவர்கள் அந்த மணத்துக்குக் காத தூரம் ஓடுவார்கள். எனக்கு அது புகுந்த வீட்டு மணம்.

கிளாருஸ் சுவிஸில் ஒரு மாநிலத்தின் தலைநகர் என்று, கலியாணம் பேசின புதிதில் இவர் டெலிபோனில் சொல்லியிருந்தார். இவர் என்றால் வேறு யார், என் மனுசன்தான். அப்போது அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. தலைநகர் என்றதும் நான் கொழும்பைக் கற்பனை பண்ணிக்கொண்டு, நல்ல சேலைகளாகப் பார்த்து அடுக்கிக்கொண்டு வந்து இறங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தே போய்விட்டோம். "தலைநகர் எங்க?" என்று கேட்டேன். "இப்ப தாண்டி வந்தமே, அதுதான்" என்றார்.

ஆனாலும் அந்தச் சின்ன ஊருக்கு ஒரு மிடுக்கு உண்டு. வருசத்தில் ஒருநாள் சனமெல்லாம் வெட்டவெளியில் கூடி, கையைத் தூக்கியே சட்டம் போடும். மாநிலக் கொடியில் ஃப்ரிடோலின் என்ற துறவி இருப்பார். பிள்ளைகளுக்கும் அதே பெயரைத்தான் வைப்பார்கள். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். தெருக்களோ அடிமட்டம் வைத்துக் கீறினதுபோல நேராக, அகலமாக இருக்கும். அதற்குக் காரணம் நெருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மே மாதத்து இரவு ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. மலையிலிருந்து இறங்கும் ஃபூன் என்ற சூட்டுக்காற்றுத்தான் தீயை வீடு வீடாகக் கொண்டுபோனதாம். அதை ஊர் மறக்கவேயில்லை. ஃபூன் அடித்தால் வெளியில் சிகரெட்கூடப் பற்றவைக்கக் கூடாது, தீயணைப்புத் தொண்டர்கள் தெருத்தெருவாகக் காவல் வருவார்கள். இந்த வரலாறெல்லாம் நான் படித்தது என் கலியாணத்தன்று.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம், சூரிச்சிலிருந்து ஒரு ஐயர், இவருடைய கூட்டாளிமார் கொஞ்சப்பேர். என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கினி சாட்சியா நடக்க வேணும் பிள்ளை. வீடியோக் கசெற்றில எனக்கு அதைக் காட்டு."

ஓமகுண்டத்தில் புகை எழும்பின நேரம் கதவு தட்டப்பட்டது. சீருடை, இரும்புத் தொப்பி, கட்டை மீசை. ஊரில் எங்கள் வீட்டை எரித்தவர்களும் சீருடையில்தான் வந்தார்கள்.

"ஃபூன் அடிக்குதாம். நெருப்பை அணைக்கட்டாம்" என்றார் இவர்.

"அக்கினி இல்லாமல் தாலி கட்டுறேல்லை. முகூர்த்தமும் முடியப்போகுது" என்றார் ஐயர்.

இவர் தன் அரைகுறை ஜெர்மனில் என் அம்மாவின் கதையைச் சொன்னாராம். மீசைக்காரர் நெருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போனார். பொலிசைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று அழத் தொடங்கினேன். கண்மையெல்லாம் கன்னத்தில்.

திரும்பி வந்தபோது கூட இரண்டு பேர் வந்தார்கள், கைகளில் தண்ணீர் வாளிகள். யன்னல்களை இறுக்கிச் சாத்தினார்கள். ஒருவர் வாசலில் நின்றார், இன்னொருவர் வெளியே கூரையைப் பார்த்தபடி நின்றார். மீசைக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னவாம்?"

"எரியட்டுமாம். தாங்கள் நிக்கினமாம்."

தாலி ஏறியது. நாங்கள் அக்கினியை வலம் வந்தோம். எங்களுக்குப் பின்னால் அவரும் வாளியோடு வலம் வந்தார். கசெற்றைப் பார்த்துவிட்டு அம்மா டெலிபோன் எடுத்தார். "ஆரடி அந்தத் தோழன்? தலைப்பாகை கட்டாமல் இரும்புத் தொப்பியோட நிக்கிறான்?" எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழனாய் நிற்பான். எனக்கு அங்கே அண்ணையோ தம்பியோ இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். மீசைக்காரருக்கும் பெயர் ஃப்ரிடோலின்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் தோழன்.

பிறகு ஃபூன் அடிக்கும் பொழுதுகளில் காவல் வரும்போது, என் சாமி விளக்கு அவருக்கு யன்னலூடாகத் தெரியும். நான் அணைக்க எழும்பினால் கண்ணாடியில் தட்டி, வேண்டாம் என்று கையைக் காட்டுவார். எண்ணெய் வற்றும்வரை வாசலில் நின்று என் தேத்தண்ணியைக் குடிப்பார். சீனி கூடிப்போச்சு என்று ஒவ்வொரு முறையும் குறை வேறு. பிறந்த ஊரில் கிடைக்காத நிம்மதி எனக்கு அந்த வாசலில் கிடைத்தது. அந்த ஊரை நான் கும்பிடாத நாளில்லை.

இப்போது காவல் நடை கிடையாது. எச்சரிக்கை கைபேசியில் வருகிறது, கூரையில் புகையைக் கண்டால் கூவுகிற கருவி இருக்கிறது. ஃப்ரிடோலினும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாசியில் யன்னல்கள் அதிர ஃபூன் அடித்தது. கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சாமி விளக்கை நானே அணைத்தேன்.