டிகாக்‌ஷன் வேஷ்டியும் ஒரு கலைமானும்

அடையாறு பாலத்துக்குக் கீழே, முகத்துவார மணலில் நாரைக் கூட்டம் ஒன்று நின்றது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினேன். நான் கிட்டே போவதற்குள் எல்லாம் எழுந்து பறந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, வலை வீசிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கத்திலேயே இறங்கின. அவர் இடுப்பில் சேற்று நிறத் துணி. என் இடுப்பில் அம்மா நீலம் போட்டு உலர்த்திய வெள்ளை வேஷ்டி. குற்றம் வேஷ்டியுடையது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். சாயம் ஏற்றிவிட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கடிதம். சாந்தோமில் இருக்கும் என் கல்லூரிச் சிநேகிதனுடைய அண்ணன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ரயில்வே குமாஸ்தா. லீவு நாளொன்றில் லாரியில் மிருகங்கள் பார்க்கப் போனதைத் தம்பிக்கு எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். விடியும்போது புழுதிக்குள் வரிக்குதிரைகள். அப்புறம் முள்மரத்து உச்சியை மேய்ந்துகொண்டு மூன்று ஒட்டகச்சிவிங்கிகள். வெயில் ஏறியதும் மணிக்கணக்கில் ஒன்றுமே இல்லை. சாயங்காலம், அதுவரை வெறும் புல் என்று நினைத்திருந்த இடத்திலிருந்து ஒரு சிங்கம் எழுந்து கொட்டாவி விட்டதாம். அசையாமல் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரை இனிமேல் ஏற்றுவதில்லை என்று லாரிக்காரர் சொல்லிவிட்டாராம்.

கடைசியில் எனக்கும் இரண்டு வரி இருந்தது. உன் சிநேகிதன் ஒரு பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்து, பார்த்ததை எழுதி அனுப்பட்டும். பரீட்சை முடிந்ததும் இங்கே வேலைக்குச் சொல்லி வைக்கிறேன், லாரியிலும் இடம் பிடித்துத் தருகிறேன்.

அந்தக் கடிதத்தை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. காற்று வாகாக இருந்தால் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது மயிலாப்பூரில் எங்கள் மொட்டை மாடிக்குக் கேட்கும். கேட்கிற ஒவ்வொரு தடவையும், என்னை விட்டுவிட்டுத்தான் அது கிளம்புகிறது என்று தோன்றும். ஆனால் அசையாமல் உட்காருவதா? மோர் சாதம் வருவதற்குள் இலையை விட்டு எழுந்துவிடுகிறவன் நான்.

சனிக்கிழமை மத்தியானம் அடுக்களையில் இருந்த டிகாக்‌ஷனை வாளியில் கொட்டி வேஷ்டியை முக்கினேன். நல்ல மண் நிறம் ஏறியது. அம்மா வந்து டிகாக்‌ஷன் எங்கே என்று கேட்டாள். கொடியைக் காட்டினேன்.

"ஆத்துல இருக்கறவா எல்லாம் வெந்நீர் குடிச்சுண்டு ஒக்காந்திருக்கோம். உன் வேஷ்டி காப்பி குடிக்கட்டும்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. சிநேகிதன் மாதா கோயிலில் காலைப் பூசை முடித்துவிட்டு வந்தான். கிண்டிக் காட்டு வேலியில் விறகு பொறுக்குகிறவர்கள் போட்டு வைத்த சந்து வழியாக நுழைந்து, குட்டைக்கு எதிரே ஒரு புதருக்கடியில் உட்கார்ந்தோம். ஒரு கீரி போயிற்று. தூரத்தில் நான்கு புள்ளிமான்கள். அப்புறம், ஆப்பிரிக்காவில் போலவே, ஒன்றுமில்லை. சிநேகிதன் தூங்கிவிட்டான். நான் அசையவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

உச்சி வெயிலில் அது வந்தது. முறுக்குக் கொம்பு, கறுத்த முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கலைமான். புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. இதற்காக நான் எந்தக் கப்பலிலும் மூட்டை தூக்குவேன்.

அப்போதுதான் தொடையில் முதல் கடி. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது, மூன்றாவது. குனிந்து பார்த்தால் வேஷ்டி முழுக்கக் கட்டெறும்பு. சர்க்கரை ரேஷன் ஆனதிலிருந்து அம்மா டிகாக்‌ஷனிலேயே வெல்லத்தைத் தட்டிப் போட்டுவிடுவாள். தினம் இரண்டு வேளை குடிக்கிற எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. துள்ளி எழுந்தேன். மானும் துள்ளியது, என்னைவிட அழகாக. ஒரே பாய்ச்சலில் காணோம்.

கண் விழித்த சிநேகிதன் நான் வேஷ்டியை உதறுவதைக் கொஞ்ச நேரம் ரசித்தான். "வேஷ்டி கட்டிக்கினு வந்தியா, மிட்டாய் கட்டிக்கினு வந்தியா?" என்றான். பாதி வழியில் அவனே சமாதானமும் சொன்னான்: "சாயந்தரம் வரிக்கும் குந்திக்கினு இருந்தேன்னு எழுதிடு. அண்ணன் இன்னா, கப்பலேறி வந்தா பாக்கப் போவுது?"

அப்படியே எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது அந்த மான் தலை தூக்கிப் பார்த்த இடத்தில் நின்றுவிட்டேன். அந்த இடத்துக்குக் கீழே பொய் எழுதக் கை வரவில்லை. பொய் சொல்லி லாரியில் ஏறினாலும், அங்கே காலை மாற்றிப் போடுகிற மூன்றாவது ஆள் நானாகத்தான் இருப்பேன். கிழித்துப் போட்டு, மத்தியானம் வரைக்கும் உள்ளதையும் எறும்பையும் உள்ளபடியே எழுதினேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. சாயங்காலத்துக்கு இடம் காலியாக இருக்கிறது.

வேஷ்டியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை அலசிவிட்டு, இப்போது ஆற்றுச் சேற்றில் ஊறப் போட்டிருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு வாசற்படி ஏறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். சிநேகிதன் பூசை முடித்து மெல்ல வரட்டும். வருகிற ஞாயிறு, மான்கள் தண்ணீருக்கு வருவதற்கு முன்னால் நான் அந்தப் புதருக்கடியில் இருக்க வேண்டும்.