குடிக்கிற அண்ணனும் மருந்துக்கடைத் தம்பியும்

டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவதையெல்லாம் ஜனங்கள் மருந்துக்கடையில் சொல்லிவிடுவார்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சியில் எனக்கொரு கடை இருந்தது. வீட்டில் குடிக்கிற அண்ணன் இருந்தார். அப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் சோறு தின்றவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

தூள் கேட்ட அம்மா

தியாகதுருகத்திலிருந்து வந்த ஓர் அம்மா, புருஷனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கக் குடியை நிறுத்தும் தூள் கேட்டார். "தெரியாம குடுத்தா உசுருக்கே ஆபத்தும்மா. அவரு தெளிவா இருக்கிற நேரமா பாத்து, திட்டாம பேசுங்க. ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூட வர்றேன்னு சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா கையிலிருந்த காசை என் பக்கம் தள்ளினார்.

"அப்போ அந்த ஆள பாத்தா எனக்குக் கோவம் வராம இருக்க ஒரு மாத்திர குடுங்க சார்."

முதல் நாள்

ஊருக்கு உபதேசம் செய்த நான், அண்ணனிடம் ஒரு நாளும் கத்தாமல் பேசியதில்லை. மறுநாள் விடிந்ததும், அவர் வெளியே கிளம்புமுன் டீயோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். "நேத்து நீ வூட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு பயமா இருந்துச்சுண்ணே. டாக்டர பாக்கலாம்னு உனக்கு எப்ப தோணுதோ சொல்லு, கூட வர்றேன்" என்றேன். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடா, எனக்கு எதனா பெரிய வியாதியா? மறைக்காம சொல்லு!"

மரம் கிடந்த ரோடு

மறியல் தொடங்கி, ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை, சாராயமும் இல்லை. காலையில் அண்ணனுக்குக் கை நடுங்கியது. "கூட வர்றேன்னியே, வாடா" என்றார். கச்சிராயபாளையம் ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு நாலு மைல் நடந்தோம். பாதி வழியில், "திரும்பிடலாம்" என்று ரோட்டில் கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாய் வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்தார். மறியலில் நின்ற ஒருவர், "காலையிலேயே தள்ளாட்டமா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன்தான் நின்று பதில் சொன்னார்.

"இது குடிச்ச தள்ளாட்டம் இல்லப்பா, வுடப்போற தள்ளாட்டம்."

கல்யாண வீடு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாசம் அண்ணன் குடியைத் தொடவில்லை. ஒரு கல்யாணத்தில் வழுக்கி, மறுபடி குடித்துவிட்டார். அன்று அவரைப் படுக்க வைத்தேன். காலையில் டீயைக் கொடுத்து, "நாலு மாசம் இருந்துட்டியேண்ணே, மறுபடியும் முடியும்" என்றேன். அவர் கண் கலங்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தனியாகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். வாசலில் திரும்பினார்.

"நாலு திட்டு திட்டிடுடா, நீ இப்படி பேசுறதுதான் தாங்கல."

அதன் பிறகு அண்ணன் குடியை விட்டார், நான் திட்டுவதை விட்டேன். இதில் அதிக நாள் பிடித்தது எனக்குத்தான்.