கயிறு அசைந்தாலும் இழுக்காதே

தண்ணீருக்கடியில் குகைகளுக்குள் நீந்தும் பயிற்சியில் நான் சேர்ந்ததிலிருந்து என் மனைவிக்கு நிம்மதியில்லை. அவளைத் தைரியப்படுத்த, புதுச்சத்திரம் அருகே எங்கள் கோழிப்பண்ணைக் கிணற்றிலேயே இறங்கிக் காட்டினேன். நீர்மட்டத்துக்குக் கீழே, பாறைக்குள் குகைபோல நீளும் பொடவு ஒன்று அதில் உண்டு.

இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அவளிடம் கொடுத்தேன். "கயிறு அசைஞ்சாலும் இழுத்துப்போடாத புள்ள. நான் உள்ள நகர்றப்ப அது அசையத்தான் செய்யும். பயப்படாத," என்றேன்.

பொடவுக்குள் என் கால் பட்டதும் சேறு கிளம்பியது. கண்ணெதிரே வைத்த கை தெரியவில்லை. திரும்பினால் பாறை, நிமிர்ந்தாலும் பாறை. தொய்ந்து கிடந்த கயிற்றைத் தடவிப் பார்த்தும் வந்த வழி எதுவென்று புரியவில்லை. சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டிருந்தது. கயிற்றை வெடுக் வெடுக்கென்று இழுத்தேன்; பதிலில்லை. அந்த அசைவைப் பார்த்து அவள் மேலே நிம்மதியாக நிற்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

திடீரென்று இடுப்பில் கயிறு இறுகியது. அது இழுத்த திக்கிலேயே தவழ்ந்து வெளியே வந்தேன்.

உள்ளங்கை உரிந்துபோய் நின்றவள், "இழுக்க வேண்டாம்னுதான் சொன்னீங்க. எனக்கு மனசு கேக்கலீங்க," என்றாள்.

இப்போது துணைக்கு ஆள் இல்லாமல் நான் தண்ணீரில் இறங்குவதில்லை. கிணறென்றால் கயிறு அவள் கையில்தான். "பயமா இருந்தா இழுத்துரு புள்ள," என்று சொல்லிவிட்டுத்தான் மூழ்குகிறேன்.